பந்தய எஞ்சினின் உடற்கூடு

1964-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் கடைசியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியின் பரிசோதனைச் சாலையில் ஒரு நெருக்கடி ஏற்பட்டது. பிப்ரவரி 23-ஆம் தேதி பிளோரிடா மாகாணத்து டேடோனாவில் 500 மைல் மோட்டார்ப் பந்தயம் நடைபெறவிருந்தது. அதில் வெற்றி காண வேண்டுமென்ற ஒரே நோக்குடன் கம்பெனியின் பொறியியலார் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் உழைத்துப் புதிய எஞ்சின் ஒன்றை உருவாக்கியிருந்தனர். எட்டு சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினின் கொள்ளளவு 426 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7 லிட்டர். எரியறையின் மேற்புறம் அரைக்கோள வடிவில் அமைந்திருந்ததால் 'ஹெமி' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. சக்தியில் குறையொன்றுமில்லை, 500 குதிரைசக்திக்கு மேலேயே அது தந்தது. ஆனால் பந்தய வேகத்தில் இடைவிடாது ஓட்டிச் சோதித்தபோது சிலிண்டர் சுவர்களில் விரிசல் கண்டது. பந்தயத்திற்கு எஞ்சியிருந்ததோ நான்கு வாரங்களுக்கும் குறைவான காலம்.

விரிசல் கண்ட பாகம் கழற்றி மாற்றத்தக்க சிறு உறுப்பாக இருந்திருப்பின் கவலைக்கு இடமில்லை. பிஸ்டனையோ வால்வையோ மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால் உடைந்தது எஞ்சினின் பிளாக். எஞ்சினின் மற்ற உறுப்புக்களையெல்லாம் தாங்கி நிற்கும் உடற்கூடு அதுவே. அதைத் திருத்த வேண்டுமாயின் வார்ப்படச் சாலைக்குத் திரும்பிச் சென்று மீண்டும் இரும்பை உருக்கி ஊற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பிளாக் எத்தகைய விசைகளுக்கு ஆட்படுகிறது என்பதை அறிந்தால்தான் இந்த நெருக்கடியின் தன்மை விளங்கும். ஹெமி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 108 மில்லிமீட்டர் விட்டமுடையது. எனவே பிஸ்டனின் தலைப்பரப்பு ஏறக்குறைய 91 சதுர சென்டிமீட்டர். எரிபொருள் பற்றியெரியும் கணத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 80 மடங்கு எனக் கொள்வோமாயின், பிஸ்டனின் மீது ஏழு டன்னுக்கு மேற்பட்ட விசை தாக்குகிறது. அதே விசை எதிர்த்திசையில் சிலிண்டர் தலையையும் மேல்நோக்கித் தூக்குகிறது. மேலே தலை, கீழே கிராங்க் தண்டு. இரண்டுக்கும் இடையே நின்று இவ்விழுவிசையைத் தாங்குவது பிளாக்கே. வடம் பிடித்து இழுக்கும் போட்டியில் இரு கட்சியாரின் பலமும் வடத்தின்மீது விழுவதைப் போன்றது இது.

இதுவன்றிப் பக்கவாட்டு விசையும் உண்டு. பிஸ்டன் கீழே இறங்கும்போது இணைப்புத் தண்டு நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அச்சாய்வின் காரணமாக விசையின் ஒரு பகுதி பிஸ்டனைச் சிலிண்டர் சுவரின் ஒரு பக்கத்தோடு சேர்த்து அழுத்துகிறது. மேலே கூறிய எஞ்சினில் இது அரை டன்முதல் ஒரு டன்வரை இருக்கக்கூடும் என்று எளிய கணக்கினாலேயே காணலாம். இனி வேகத்தினால் எழும் விசை. நிமிடத்திற்கு 6,500 சுற்று வீதம் கிராங்க் தண்டு சுழலும்போது, பிஸ்டன் மேல் எல்லையை அடைந்து திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 2,800 மடங்காகும். ஒரு கிலோகிராம் எடையுள்ள பிஸ்டன் தொகுதி அக்கணத்தில் சற்றேறக்குறைய மூன்று டன் எடையுள்ளதுபோல் கிராங்க் தண்டைப் பிடித்திழுக்கிறது.

இவையெல்லாம் ஒரே முறை நிகழ்வனவாயின் வார்ப்பிரும்பு எளிதில் தாங்கிவிடும். டேடோனாவின் ஓடுபாதை இரண்டரை மைல் சுற்றளவுள்ளது. வளைவுகளில் 31 பாகை சாய்வாக உயர்த்திக் கட்டப்பட்டது. ஆதலால் வண்டியோட்டி வளைவிலும் வேகத்தைப் பெரிதும் குறைக்க வேண்டியதில்லை. எஞ்சின் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏறக்குறைய முழுச் சக்தியுடனேயே ஓடுகிறது. அந்நேரத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆறு லட்சம் தடவைக்கு மேல் எரிதல் நிகழ்கிறது. ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் முறிவதில்லை. திரும்பத் திரும்ப வளைத்தால் முறிகிறது. உலோகத்தின் இக்களைப்பே பந்தய எஞ்சின்களின் பரம வைரி. சாலையில் ஓடும் சாதாரணக் கார் முழுச் சக்தியைப் பயன்படுத்துவது எப்போதோ சில விநாடிகள்தாம். அதனால் அதன் பிளாக்கில் உள்ள குறை ஆயுள் முழுவதும் வெளிப்படாமலே போய்விடலாம்.

சிலிண்டர் சுவருக்குப் பின்னால் குளிர்நீர் ஓடும் அறை உள்ளது. வார்ப்படத்தில் இவ்வறையை உண்டாக்குவதற்கு, மணலைப் பிசைந்து உலர்த்திச் செய்த 'கோர்' என்னும் உட்கூட்டை அச்சினுள் வைக்கிறார்கள். உருகிய இரும்பு அதைச் சூழ்ந்து உறைகிறது. பின்னர் மணலை உதிர்த்து வெளியேற்றினால் நீரறை எஞ்சி நிற்கும். ஆகவே சிலிண்டர் சுவரின் கனத்தை நிர்ணயிப்பது கோரின் வடிவமே. கோரைச் சிறிது குறைத்தால் சுவர் அந்த அளவுக்குத் தடிக்கும். நீரறை அந்த அளவுக்குச் சுருங்கும். குளிர்ச்சிக்கும் வலிமைக்கும் இடையே ஒரு பேரம் என்றே இதைச் சொல்லலாம். கோர் அச்சினுள் சிறிதளவு இடம் பெயர்ந்துவிட்டாலோ, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் சுவர் அமைந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது தெரியாது. இக்காலத்தில் பந்தயத்திற்கென ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுப்போர் செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்திச் சுவரின் கனத்தைப் பல இடங்களில் அளந்த பிறகே அதில் கை வைக்கின்றனர்.

கிரைஸ்லர் பொறியியலார் சிலிண்டர் சுவர்களைத் தடிக்கச் செய்து புதிய பிளாக்குகளை வார்க்கத் தீர்மானித்தனர். பிப்ரவரித் தொடக்கத்தில் வார்ப்படச் சாலையில் அவை ஊற்றப்பட்டன. கடைந்து, பொருத்தி, சோதித்து முடித்த எஞ்சின்கள் பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்னதாகத்தான் டேடோனாவைச் சென்றடைந்தன. பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி 200 சுற்றுக்களில் 184 சுற்றுக்களை முன்னணியில் நின்று ஓட்டி, மணிக்குச் சராசரி 154 மைல் வேகத்தில் முதலாவதாக வந்தார். ஜிம்மி பார்டூ, பால் கோல்ட்ஸ்மித் ஆகியோர் அடுத்த இரண்டு இடங்களைப் பெற்றனர். மூவர் ஓட்டியவையும் ஹெமி எஞ்சின் பொருத்திய பிளிமத் வண்டிகள். இவ்வெற்றியின் விளைவு விந்தையானது. பொதுமக்களுக்கு விற்பனை செய்யப்படாத எஞ்சின் என்ற காரணத்தால் 1965-ஆம் ஆண்டுப் பந்தய விதிகள் ஹெமியை விலக்கி வைத்தன. அதன் பயனாக 1966-இல் கம்பெனி அதே எஞ்சினைச் சிறிது சாந்தப்படுத்தி, கடையில் வாங்கக்கூடிய கார்களில் பொருத்தியது.

சிலிண்டர் சுவரைப் போலவே கவனத்துக்குரிய மற்றோர் இடம் கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள். பேரிங்கின் மேற்பாதி பிளாக்கிலேயே அமைந்துள்ளது. கீழ்ப்பாதி ஒரு தனி மூடி. இம்மூடியைச் சாதாரண எஞ்சின்களில் இரண்டு போல்ட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். மிகுந்த சக்தியில் மூடி சிறிது சிறிதாக அசையத் தொடங்குகிறது. இவ்வசைவு கண்ணுக்குப் புலப்படாததாயினும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்போது மூடியும் பிளாக்கும் கூடும் முகத்தில் உராய்ந்த தடம் காணப்படும். அத்தடமே வரப்போகும் முறிவுக்கு முன்னறிவிப்பு. இதைத் தடுக்க மூடிகளை உருக்கினால் செய்து, இரண்டுக்குப் பதில் நான்கு போல்ட்டுகளால் இறுக்குகிறார்கள். ஆனால் நான்கு போல்ட்டுக்கு நான்கு துளை வேண்டும். துளை பெருகப் பெருகத் தாங்கும் சுவர் மெலிகிறது. சில பிளாக்குகளில் நான்கு துளையிட்டதே விரிசலுக்குக் காரணமாகிவிட்டதும் உண்டு. எனவே வெளிப்புறத்து இரு போல்ட்டுகளைச் சாய்வாக அமைத்து, இரும்பு கனமாக உள்ள ஓரப்பகுதியில் பிடிக்கச் செய்வது சிறந்த முறையாகக் கருதப்படுகிறது. ஹெமியில் வேறொரு வழி கையாளப்பட்டது. பிளாக்கின் பக்கச் சுவர்கள் கிராங்க் தண்டின் மட்டத்துக்குக் கீழேயும் தொடர்ந்து இறங்குவதால், அச்சுவர்களின் வழியே குறுக்கே போல்ட்டுகளைச் செலுத்தி நடு மூன்று மூடிகளைப் பக்கவாட்டிலும் கவ்விப் பிடித்தனர். போர்ட் கம்பெனியின் 427 கன அங்குல எஞ்சினில் 1963-ஆம் ஆண்டிலேயே இத்தகைய குறுக்கு போல்ட்டுகள் இருந்தன.

மூடியை மாற்றினால் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிய மூடி, புதிய இறுக்கம். பேரிங்குத் துளைகளின் வட்டமும் நேர்மையும் சிறிது மாறியிருக்கும். எல்லாத் துளைகளையும் ஒரே நேர்க்கோட்டில் மீண்டும் கடைய வேண்டும். அனுபவமில்லாதார் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, விலையுயர்ந்த மூடிகளைப் பொருத்திய திருப்தியில் இருந்துவிடுகின்றனர். பழைய மூடியையே வைத்துக்கொண்டிருந்தால் அந்த எஞ்சின் இன்னும் நெடுநாள் உழைத்திருக்கும்.

சிலிண்டர் தலையை இறுக்குவதிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உள்ளது. போல்ட்டுகளை முடுக்கும்போது அவை பிளாக்கின் மேற்பகுதியை இழுப்பதால், வட்டமாகக் கடையப்பட்ட சிலிண்டர் சற்றே உருக்குலைகிறது. எஞ்சினைப் பிரித்தவுடன் அது பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். எனவே தலை இல்லாத நிலையில் எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும், ஓடும்போது சிலிண்டர் வட்டமாக இருப்பதில்லை. இதற்குக் கண்ட பரிகாரம் எளியது. நடுவே பெரிய துளைகள் உள்ள தடித்த உலோகப் பலகை ஒன்றைத் தலைக்குப் பதிலாக வைத்து, அதே அளவு இறுக்கத்துடன் முடுக்கிவிட்டு, துளைகளின் வழியே கருவியைச் செலுத்திச் சிலிண்டரை இழைக்கிறார்கள். கோணலாக்கி வைத்துக்கொண்டு நேராக்கும் வித்தை இது.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து உள்ளே புதிய லைனர் இறக்குவது நம் நாட்டு லாரிப் பட்டறைகளில் அன்றாடம் நிகழும் வேலை. பந்தய எஞ்சினிலும் லைனர் உண்டு. ஆனால் நோக்கம் வேறு. தற்காலக் கார்களில் பல, அலுமினிய பிளாக் கொண்டவை. வார்ப்பதில் சிக்கனம் கருதி, சிலிண்டர்களின் மேல் விளிம்பைச் சுற்றி நீரறை திறந்தபடியே இருக்குமாறு சிலவற்றை அமைக்கிறார்கள். சிலிண்டர்கள் நீருக்கு நடுவே தனித்தனிக் குழாய்களாக நிற்கின்றன. மிகை அழுத்தம் தோன்றும்போது குழாயின் மேல்முனை ஆடுகிறது, கேஸ்கெட் கிழிகிறது. அக்குழாய்களைக் கடைந்து நீக்கிவிட்டு, மேற்புறத்தில் அகன்ற விளிம்புள்ள வலிய வார்ப்பிரும்பு லைனர்களை ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும்படி இறக்குவர். விளிம்புகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் ஆட்டம் நின்றுவிடுகிறது.

பலப்படுத்துதல் என்றால் புதிதாக எதையேனும் சேர்த்தல் என்றே பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் பந்தய எஞ்சின் இதற்குத் தக்க சான்று. 1961-இல் அக்கம்பெனி '1500' என்ற நடுத்தரக் காரை அறிமுகம் செய்தது. அலெக்ஸ் பான் பால்கன்ஹௌசன் வடிவமைத்த அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் தந்த சக்தி 80 குதிரைசக்தி. பிளாக் சாதாரணச் சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அதே இனத்துப் பிளாக்கை எடுத்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் பால் ரோஷே என்பவரின் தலைமையில் பொறியியலார் 'பார்முலா 1' பந்தயத்துக்குரிய ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினை அமைத்தனர். தலை புதிது, கிராங்க் தண்டு புதிது, டர்போ சார்ஜர் புதிது. பிளாக் மட்டும் குடும்பக் காரினுடையது.

இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை புத்தம்புதிய பிளாக்குகள் அல்ல, ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்களிலிருந்து எடுத்த பழையவை என்றும், மழையிலும் பனியிலும் வெளியே கிடந்தவையே உத்தமமானவை என்று கருதப்பட்டன என்றும் பந்தய உலகில் பரவலாகச் சொல்லப்படுகிறது. சொல்லச் சொல்ல இக்கதை வளர்ந்திருக்கலாம். ஆயினும் அதன் அடிப்படை விஞ்ஞானத்துக்கு முரணானதன்று.

உருகிய இரும்பு அச்சினுள் ஒரே சீராகக் குளிர்வதில்லை. மெல்லிய பகுதிகள் முதலில் உறைந்து இறுகிவிடுகின்றன. தடித்த பகுதிகள் பின்னர்க் குளிர்ந்து சுருங்க முற்படும்போது, ஏற்கெனவே இறுகிய பகுதிகள் இடங்கொடுப்பதில்லை. ஆகவே தடித்த பகுதி இழுபட்ட நிலையிலும் மெல்லிய பகுதி நெருக்குண்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து யாதொரு விசையும் இல்லாதபோதே வார்ப்படத்தினுள் இவ்வாறு ஓர் உள் இறுக்கம் உறைந்து கிடக்கிறது. அத்தகைய வார்ப்படத்தின் ஒரு பக்கத்தைக் கடைந்தெடுத்தால் சமநிலை குலைந்து மறுபக்கம் வளையும். இன்று நேராகக் கடைந்த பேரிங்குத் துளை மறு மாதம் நேராக இராது. கடைசல் யந்திரங்களின் படுகைகளை வார்த்தபின், மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், வெட்டவெளியில் கிடக்கவிட்டுப் பிறகு கடையும் வழக்கம் ஐரோப்பிய யந்திரசாலைகளில் முன்பு இருந்தது இக்காரணம் பற்றியே.

ஓடிப் பழகிய பிளாக்கில் நிகழ்வதும் இத்தகையதே. சாம்பல்நிற வார்ப்பிரும்பினுள் கரி மெல்லிய இதழ்களாகப் பரவியுள்ளது. இதழ்களின் ஓரங்களில், சிறிய பாரத்திலும் உலோகம் நுண்ணிய அளவில் நெகிழ்ந்து கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான முறை சூடேறியும் குளிர்ந்தும், அழுத்தம் தாங்கியும் தளர்ந்தும் வந்த பிளாக், தனக்கு இயல்பான வடிவில் அமைந்து விடுகிறது. உள் இறுக்கம் முற்றிலும் ஒழிந்துபோகிறது என்று சொல்வதற்கில்லை; குறைவது ஒரு சிறு பகுதியே. ஆனால் வடிவம் நிலைத்துவிடுகிறது. இறுக்கத்தைப் பெருமளவு நீக்க வேண்டுமானால் உலையில் மெல்ல 550 டிகிரி முதல் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி, சில மணி நேரம் அந்நிலையில் வைத்து, உலையினுள்ளேயே மெல்லக் குளிரவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பழைய இறுக்கம் போய்ப் புதியது வந்துசேரும்; உஷ்ணம் மிகுந்துவிட்டாலோ இரும்பின் வலிமையே குன்றும்.

இந்த எஞ்சின் எடுத்த எடுப்பில் வெற்றி பெறவில்லை. 1982 ஜூன் 6-ஆம் தேதி டெட்ராய்ட் பந்தயத்தில், முந்திய ஆண்டின் உலக வீரரான நெல்சன் பிக்கே இந்த எஞ்சினுடன் தகுதிச் சுற்றிலேயே தேறாமற் போனார். ஏழு நாட்கள் கழித்துக் கனடாவில் அவரே அதே எஞ்சினுடன் முதலாவதாக வந்தார். 1983-இல் உலக வீரர் பட்டம் அவருக்குக் கிட்டியது. டர்போ எஞ்சினுடன் அப்பட்டத்தைப் பெற்றவர்களில் அவரே முதல்வர். 1986-ஆம் ஆண்டில் தகுதிச் சுற்றுக்கென மட்டும், ஐந்து வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் காற்றைத் திணித்து, 1,300 குதிரைசக்திக்கு மேல் பெறப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. சோதனை மேடையின் அளவுமானியே அதை முழுதும் காட்ட வல்லதாக இல்லை. 80 குதிரைசக்திக்கெனப் பிறந்த வார்ப்பட இனம் பதினாறு மடங்குச் சக்தியைத் தாங்கியது. ஆனால் அது தாங்கியது ஓரிரு சுற்றுக்களுக்கே. அதே எஞ்சினை முழுப் பந்தயமும் ஓடச்செய்யும்போது காற்றழுத்தத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டனர். எவ்வளவு வலிமை என்ற கேள்வியை எவ்வளவு நேரத்துக்கு என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது.

நேரம் மிகக் குறுகியதாயின் வழிகளும் துணிச்சலானவையாகின்றன. நேர்ப்பாதையில் சில விநாடிகளே ஓடும் பந்தயங்களில், பிளாக்கின் நீரறையினுள் இரும்புத் துகள் கலந்த ஒருவகைச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி இறுக வைத்துவிடுகிறார்கள். சிலிண்டர் சுவருக்குப் பின்னே வெற்றிடம் இல்லாமற் போவதால் அது அதிர்வதும் வளைவதும் குறைகின்றன. நீரறையைக் கீழ்ப்பாதி மட்டும் நிரப்பினால் சாலையிலும் ஓரளவு ஓட்டலாம், ஆனால் எண்ணெய் அதிகம் சூடேறும். முழுதும் நிரப்பிய எஞ்சினை நெடுநேரம் ஓட்டுவது இயலாத காரியம்.

'டாப் பியூவல்' என்னும் வகைப் பந்தய வண்டிகளில் நீரறை என்பதே கிடையாது. 500 கன அங்குலக் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின்களின் தலை, பழைய ஹெமியின் அரைக்கோள அமைப்பைப் பின்பற்றியதே. பிளாக்கை வார்ப்பதில்லை, சம்மட்டி யந்திரத்தில் அடித்து இறுக்கிய திண்ணிய அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்தெடுக்கிறார்கள். நைட்ரோமீத்தேன் எரியும் அவ்வெஞ்சினின் சக்தி 11,000 குதிரைசக்திக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகிறது. குளிர்ச்சிக்கு எரிபொருளே துணை. அதன் பெரும்பகுதி எரியுமுன் ஆவியாகி உஷ்ணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 2008-ஆம் ஆண்டு முதல் 1,000 அடியாகக் குறைக்கப்பட்ட ஓட்டம் நான்கு விநாடிகளுக்குள் முடிகிறது. முடிந்தவுடன் பணியாளர்கள் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன்களையும் பேரிங்குகளையும் களைந்துவிட்டு, விரிசல் கண்ட லைனரை மட்டும் உருவியெடுத்து வேறொன்றைச் செருகி, ஒரு மணி நேரத்துக்குள் அதே பிளாக்கை அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்துவிடுகின்றனர்.